மகளை டிஏஆரில் சேர்த்த அனுபவம்

போன மாதம் என் மூத்த மகளுக்கு டிஏஆர் உறுப்பினர் எண் வந்தது. டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன், 1890-ல் வாஷிங்டனில் தொடங்கிய பெண்கள் சங்கம். அமெரிக்க விடுதலைப் போருக்குத் துணை நின்ற ஒருவரின் நேர் வாரிசு என்று ஆவணத்தோடு நிரூபிக்கிற, 18 வயது நிரம்பிய பெண் சேரலாம். என் கணவர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக்காரர், அவர் வழியில்தான் இவளுக்கு இந்த உரிமை. நம் வீடுகளிலும் இப்படிப் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முன்னோர் துப்பாக்கி தூக்கியிருக்க வேண்டும் என்றில்லை. படைக்குத் தானியமோ மாடோ கொடுத்தவரையும் ‘பேட்ரியட்’ (நாட்டுப்பற்றாளர்) என்று ஏற்கிறார்கள். எங்களுடையவர் வர்ஜீனியாவில் விவசாயி, 1781-ல் படைக்கு மாட்டிறைச்சி கொடுத்த கணக்கில் பெயர் இருக்கிறது. சங்கத்தின் இணையதளத்தில் ஏற்கெனவே ஏற்கப்பட்ட முன்னோர்களை இலவசமாகத் தேடலாம். சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் குறிப்பு இருக்கும், அதை விட்டுவிடாமல் படியுங்கள். பழைய விண்ணப்பத்தில் ஏதோ சிக்கல், ஆதாரம் புதிதாகத் தர வேண்டும் என்று அர்த்தம்.

விண்ணப்பிப்பவரிலிருந்து தொடங்கி முதல் மூன்று தலைமுறைக்குப் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள் வேண்டும். அதற்கு மேலே மக்கள்தொகைக் கணக்கு, நிலப்பத்திரம், உயில். 1850-க்கு முந்தைய கணக்கெடுப்பில் வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான், மனைவி மக்கள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. அங்கேதான் நான்கு மாதம் நின்றுபோனோம், ஏனென்றால் எங்கள் வரிசை அந்த விவசாயியின் மகள் வழியாக வருகிறது, அவள் பெயரோ எந்தக் கணக்கிலும் இல்லை. கடைசியில் அவர் உயிலின் படப்பிரதி கிடைத்தது. மங்கிப்போன சாய்வெழுத்தில், கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒரு படுக்கையும் ஒரு பசுவும் என்று எழுதி, அவள் புகுந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் போட்டிருந்தார். அந்த ஒரு வரிதான் நிரூபணம். என் மகள் அதைச் சத்தமாகத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

சான்றிதழ் வாங்குவதில் ஒரு கவுன்ட்டி (அங்கே மாவட்டம் மாதிரி) அலுவலகம் எங்களை ரொம்பப் படுத்தியது, அதே பெயருள்ள வேறு ஆளின் இறப்புச் சான்றிதழை அனுப்பி, மாற்றித் தர மறுபடியும் பணம் கேட்டார்கள். அப்புறம் என் பக்கச் சிக்கல். மதுரையில் பதிந்த திருமணச் சான்றிதழில் என் பெயர் இன்ஷியலோடு, மகளின் பிறப்புச் சான்றிதழில் என் அப்பா பெயர் என் குடும்பப் பெயராக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று பாஸ்போர்ட் நகலையும் சேர்த்து, இன்ஷியல் என்றால் என்ன என்று ஒரு பக்கம் விளக்கி எழுதினேன். உள்ளூர்க் கிளையின் பதிவாளர் அம்மா சம்பளம் வாங்காத தன்னார்வலர், ஒவ்வொரு தாளையும் பொறுமையாகப் பார்த்து, எந்தத் தேதிக்கு எது ஆதாரம் என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்தார். அவர் இல்லாவிட்டால் பாதியில் விட்டிருப்போம்.

எனக்குத் தயக்கம் இல்லாமல் இல்லை. 1939-ல் மரியன் ஆண்டர்சன் கறுப்பினப் பாடகி என்பதால் இதே சங்கம் தன் அரங்கத்தில் பாட விடவில்லை, அதை எதிர்த்து அன்றைய அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் சங்கத்தை விட்டே விலகினார். ஆண்டர்சன் லிங்கன் நினைவிடத்தின் படிகளில் பாடினார், 75,000 பேர் கேட்டார்கள். அறியப்பட்டவரை முதல் கறுப்பின உறுப்பினர் சேர்ந்தது 1977-ல்தான். மகளிடம் இதையெல்லாம் சொன்னேன், தெரிந்தேதான் விண்ணப்பித்தாள். முதல் கூட்டத்தில் அவளை நன்றாகவே வரவேற்றார்கள்.

ஐந்துக்கு நாலரை தருவேன். அரை குறைத்தது காத்திருக்க வைத்ததற்கு. பாட்டி தாத்தா உயிரோடு இருந்தால் பழைய காகிதங்களை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். டிஎன்ஏ பரிசோதனைக் கடையில் வரும் சதவீதக் கணக்கு இங்கே செல்லாது, அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். சின்னவளுக்கு டிசம்பரில் 18 ஆகிறது. அக்காவின் விண்ணப்பத்தைச் சுட்டி, அவளுடைய பிறப்புச் சான்றிதழை வைத்தால் போதும் என்று பதிவாளர் அம்மா சொல்லியிருக்கிறார்.