வெளிவட்டமா, எல்லைச் சாலையா? சென்னையின் நான்கு வளையங்கள்

சென்னைக்கு முழு வட்டச் சாலை வாய்க்காது, கிழக்கே கடல். இங்கே இருப்பவை எல்லாம் அரைவட்டங்கள்தான்.

உள்வட்டச் சாலையான நூறடி ரோட்டை வட்டச் சாலைக் கணக்கில் இனிச் சேர்க்க வேண்டாம். கடை வாசல்கள் நேரே ரோட்டில் திறக்கின்றன. கத்திப்பாரா, கோயம்பேடு, பாடி என்று மேம்பாலம் கட்டக் கட்ட நெரிசல் அடுத்த சிக்னலுக்கு நகர்ந்தது, அவ்வளவுதான்.

பெருங்களத்தூர்–புழல் பைபாஸ் (32 கி.மீ.) அந்தப் பாடத்தைக் கற்று, கண்ட இடத்தில் நுழைய முடியாதபடி கட்டப்பட்டது. ஜிஎஸ்டி (திருச்சி போகும் சாலை), பெங்களூரு, திருவள்ளூர், கொல்கத்தா சாலைகளை இணைக்கிறது. சிக்கல் மதுரவாயலில். குளோவர்லீஃப் (நான்கு இலை வடிவ வளைவுகள் கொண்ட) சந்திப்பில், ஒரு வளைவிலிருந்து இறங்கும் வண்டியும் அடுத்த வளைவுக்குள் நுழையும் வண்டியும் ஒரே குறுகிய தூரத்துக்குள் தடம் மாற வேண்டும். வண்டி குறைவாக இருந்தால் தெரியாது. கூடினால் முதலில் அங்கேதான் அடைக்கும்.

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை சுமார் 60 கி.மீ.; 2014, 2021 என இரு கட்டங்களாகத் திறக்கப்பட்டது. இதில் பாராட்ட வேண்டியது நிலம்: 122 மீட்டர் அகலத்துக்கு எடுத்து, ஆறுவழிச் சாலை, சர்வீஸ் ரோடு போக ரயிலுக்கும் இடம் விட்டார்கள். பின்னால் இந்த அகலத்தை எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது.

இதன் பலவீனம் தண்ணீர். ஏரிகளின் உபரிநீர் மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்கு ஓடுகிறது. சாலையோ மேடு போட்டு வடக்கு தெற்காகக் குறுக்கே நிற்கிறது. சிறுபாலத்தின் கண்களை (தண்ணீர் போகும் திறப்புகளை) அந்த இடத்து மழையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் போதாது. மேலே உள்ள ஏரிகள் நிரம்பி வழியும்போது வரும் நீரையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் சாலை ஏரிக்கரை ஆகிவிடும், மேற்குப் பக்கத்து ஊர் மூழ்கும். அடையாறு கடக்கும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதியில் இந்தக் கணக்கு உயிர்ப் பிரச்சினை. அக்டோபருக்கு முன் வண்டலும் பிளாஸ்டிக்கும் அள்ளாவிட்டால், பெரிய கண் இருந்தும் பயனில்லை.

எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் வரை ஐந்து பகுதிகளாகத் திட்டமிட்ட எல்லைச் சாலை, ஏறக்குறைய 133 கி.மீ. கன்டெய்னர் லாரிகளுக்கு இதுவே சரியான வழி. ஆனால் ஏரிகள் நிறைந்த திருவள்ளூரைக் கடப்பதால், மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கு இங்கே இன்னும் கடினம். நுழைவிடங்களை நெடுஞ்சாலைச் சந்திப்புகளோடு நிறுத்துவதும் அதே அளவு முக்கியம்.

எல்லைச் சாலை முழுமையாகும் வரை, எண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் லாரிக்கு மீஞ்சூரில் வெளிவட்டம் ஏறி, நசரத்பேட்டையில் பெங்களூரு சாலைக்குத் திரும்புவதே மேல். பைபாஸை நகரத்து வண்டிகளுக்கு விடலாம்.