டி டியோனா, ஓல்ட்ஸ்மொபைலா? 1905க்கு முந்தைய கார் ஒன்றைத் தேடிய கதை

குரோய்டனில் நாங்கள் வீடு வாங்கியபோது தரகர் பள்ளிக்கூடம், ரயில் நிலையம், கடைத்தெரு எல்லாவற்றையும் பற்றிச் சொன்னார். நவம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரதான சாலைக்குப் போய் நின்றால் நூற்றிருபது வயதுக் கார்கள் வரிசையாகப் போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. லண்டன் ஹைட் பார்க்கில் விடியும் நேரத்தில் கிளம்பி, பிரிக்ஸ்டன், குரோய்டன், ரெட்ஹில், கிராலி என்று சுமார் 60 மைல் ஓடி, பிரைட்டன் கடற்கரையில் முடியும் ஓட்டம் அது. 1896 நவம்பர் 14 அன்று முதல் முறை ஓடினார்கள். மோட்டார் வண்டிகளை நடைவேகத்தில் கட்டிப் போட்டிருந்த பழைய சட்டம் தளர்ந்து, மணிக்கு 14 மைல் வரை போகலாம் என்று ஆனதைக் கொண்டாடிய ஓட்டம். அதன் நினைவாக 1927 முதல் இன்றுவரை ஓடுகிறார்கள். உலகப்போர் ஆண்டுகளிலும், பெட்ரோல் பங்கீடு இருந்த 1947இலும், கொரோனா வந்த 2020இலும் மட்டும் ஓடவில்லை.

பல வருடம் தேநீர்க் குடுவையோடு ஓரத்தில் நின்று பார்த்தோம். நாங்கள் என்றால் நானும் என் மனைவியின் தம்பியும். அவனுக்கு வாகனம் பழுது பார்ப்பது தொழில், எனக்குப் பழைய காகிதம் கிளறுவது பொழுதுபோக்கு. ஒரு வருடம் அவன், "அத்தான், இப்படிப் பார்த்துக்கொண்டே நின்றால் நாங்களும் வெட்டரன் ஆகிவிடுவோம்" என்றான். இந்தப் பழங்காலக் கார்களை 'வெட்டரன்' என்றுதான் அழைப்பார்கள். அப்படித்தான் தேடல் தொடங்கியது.

இந்த ஓட்டத்தில் சேர அடிப்படை விதி ஒன்றுதான்: கார் 1905 ஜனவரி 1க்கு முன்பு செய்யப்பட்டிருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். எங்கள் முடிவு கடைசியில் இதில்தான் வந்து நின்றது.

எங்கள் கைக்கு எட்டக்கூடியவை மூன்று. அமெரிக்காவின் லோக்கோமொபைல் நீராவி வண்டி, அதே நாட்டின் வளைந்த முகப்பு ஓல்ட்ஸ்மொபைல், பிரான்சின் ஒற்றை சிலிண்டர் டி டியோன்-பூட்டோன். நான்கு சிலிண்டர் பனார், மெர்சிடிஸ் எல்லாம் வேறு வர்க்கத்தின் சமாச்சாரம். அதைப் பற்றிப் பேசி யாருடைய நேரத்தையும் வீணாக்க வேண்டாம்.

நீராவி வண்டியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அதை நான் ஓட்டியதில்லை, ஒரே ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். ஸ்டான்லி சகோதரர்கள் வடிவமைத்தது. 1899இல் உரிமையை விற்க, லோக்கோமொபைல் நிறுவனம் அதை ஆயிரக்கணக்கில் செய்தது. மேட்டில் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஏறும், அந்தச் சுகம் வேறு எதிலும் இல்லை. ஆனால் இருக்கைக்கு அடியில் பாய்லர். கிளம்புவதற்கு முன் அரைமணி நேரம் நீராவி ஏற்ற வேண்டும். இருபது மைலுக்கு ஒருமுறை தண்ணீர் தேட வேண்டும். பாய்லரை அவ்வப்போது பரிசோதிப்பித்துச் சான்றிதழ் வாங்கவும் வேண்டும். மச்சான் பெட்ரோல் மெக்கானிக். கொதிகலனோடு புதிதாக உறவு வைத்துக்கொள்ள அவனுக்கு விருப்பமில்லை. சரி, அதோடு முடிந்தது.

ஓல்ட்ஸ்மொபைல் அப்படி ஒதுக்கிவிடக்கூடியதல்ல. ரான்சம் ஓல்ட்ஸ் 1901இல் தொடங்கிய வண்டி. அந்த வருடம் மார்ச்சில் டெட்ராய்ட் தொழிற்சாலை எரிந்துபோனது. இருந்தும் அவ்வருடம் 425 கார்கள், அடுத்த வருடம் 2,500, 1904இல் 5,000 என்று ஏறிக்கொண்டே போனது. தொகுப்பு வரிசையில் பெருமளவில் செய்யப்பட்ட முதல் கார் என்று இதைத்தான் சொல்வார்கள். விலை 650 டாலர். கால் பக்கத்துப் பலகை பனிச்சறுக்கு வண்டி போலச் சுருண்டு நிற்கும், 'வளைந்த முகப்பு' என்ற பெயர் அதனால் வந்தது. ஸ்டீயரிங் சக்கரம் கிடையாது. படகுச் சுக்கானைப் போல ஒரு வளைந்த கைப்பிடிதான். படுக்கை வாட்டத்தில் ஒரே ஒரு பெரிய சிலிண்டர், ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல், நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று. தந்திக் கம்பத்துக்கு ஒரு 'டப்' என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்தார்களாம். ஓட்டிப் பார்த்தால் கேலியில் நியாயம் தெரியும். ஆனால் அந்த மெதுவான எஞ்சின் எதற்கும் அலட்டிக்கொள்ளாது. இரண்டு கியர், சங்கிலி, அவ்வளவுதான். பழுது பார்க்க இதைவிட எளிமையான கார் கிடைக்காது என்று மச்சான் ஒரு பார்வையில் சொல்லிவிட்டான். விலையும் டி டியோனைவிடக் கணிசமாகக் குறைவு. பணக்கணக்கு மட்டும் போட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

டி டியோனின் கதை வேறு மாதிரி. 1881இல் பாரிஸ் பொம்மைக் கடை ஒன்றில் குட்டி நீராவி எஞ்சினைப் பார்த்த கோமகன் டி டியோன், இதைச் செய்தது யார் என்று கேட்டுத் தேடிப்போய்ப் பிடித்த கைவினைஞர்கள் இருவர், பூட்டோனும் அவர் மைத்துனர் ட்ரெபார்டூவும். மைத்துனர்கள் சேர்ந்து வண்டி செய்வது பழைய வழக்கம்தான் போலிருக்கிறது. ட்ரெபார்டூ நீராவியையே பிடித்துக்கொண்டு நின்று 1894இல் விலகிவிட்டார். அவர் வடிவமைத்த அச்சு மட்டும் இன்றுவரை 'டி டியோன் அச்சு' என்று கோமகன் பெயரில் வழங்குகிறது. உழைத்தவர் பெயர் எங்கே போயிற்று என்று கேட்கக்கூடாது.

பூட்டோனின் சாதனை எஞ்சின். மற்றவர்களுடையது நிமிடத்துக்கு 700, 800 சுற்றில் மூச்சு வாங்கிய காலத்தில் இவருடையது 1,500ஐத் தொட்டது. சின்ன எஞ்சின், லேசான வண்டி. 1900இல் 400 கார்களும் 3,200 எஞ்சின்களும் செய்து, உலகிலேயே பெரிய கார் நிறுவனமாக இருந்தார்கள். அந்த எஞ்சின்களை வாங்கித் தங்கள் வண்டியில் பொருத்தியவர்கள் நூற்றுக்கும் மேல். லூயி ரெனோவின் முதல் வண்டியில் இருந்ததும் டி டியோன் எஞ்சின்தான்.

ஓட்டுவதற்கு இது விசித்திரமான கார். கிளட்ச் மிதி கிடையாது. ஸ்டீயரிங் தண்டிலுள்ள பிடியை ஒரு பக்கம் திருப்பினால் முதல் கியர், மறுபக்கம் திருப்பினால் இரண்டாவது, நடுவில் சும்மா. காலடியில் இருக்கும் மிதியை அழுத்தினால் வேகம் குறையும். ஆமாம், குறையும். இன்னும் அழுத்தினால் பிரேக். காலை எடுத்தால் வேகம் கூடும். முப்பது வருடம் கார் ஓட்டிய கால் இதைக் கேட்குமா? முதல் நாள் சிக்னலில் நிற்க வேண்டிய இடத்தில் பழக்கதோஷத்தில் காலை எடுத்துவிட்டேன். "மிதியுங்கோ அத்தான், மிதியுங்கோ!" என்று மச்சான் கத்தியது இரண்டு தெரு தாண்டிக் கேட்டிருக்கும். எண்ணெயைக் கைப்பம்பால் சில மைலுக்கு ஒருமுறை நாமே எஞ்சினுக்குத் தள்ள வேண்டும். மறந்தால் எஞ்சின் போச்சு. அதிகம் தள்ளினால் பின்னால் வருபவர் புகையில் காணாமல் போவார்.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் இதை வாங்கினோம்? இங்கேதான் அந்த 1905 விதி வருகிறது.

எந்த வருடத்துக் கார் என்று விற்பவர் சொல்வதற்கு இந்த உலகில் மதிப்பில்லை. 1930இல் பிரைட்டன் ஓட்டம் முடிந்த கையோடு அந்த ஊர் ஓட்டலில் தொடங்கிய பிரிட்டிஷ் வெட்டரன் கார் கிளப், வண்டியின் முக்கிய பாகங்களை ஆராய்ந்து வருடத்தைத் தீர்மானித்துச் சான்றிதழ் தரும். இதற்கு 'டேட்டிங்' என்று பெயர். வீட்டில் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லாமல் இருப்பது நல்லது. 1904 என்று சான்று பெற்ற காரும் 1905 என்று சான்று பெற்ற காரும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகளாக இருக்கலாம். முதலாவது ஓட்டத்துக்குப் போகும், இரண்டாவது ஓரத்தில் தேநீர்க் குடுவையோடு நிற்கும். விலையும் அதே மாதிரி சட்டென்று இறங்கும்.

வளைந்த முகப்பு ஓல்ட்ஸ்மொபைல் சரியாக இந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 1903 வரை ஆர் மாடல், 1904இல் 6சி, 1905இலிருந்து பி. தெருவில் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான். ஆயிரக்கணக்கில் செய்த வண்டி என்பதால் நூறு வருடத்தில் ஒன்றின் எஞ்சின் இன்னொன்றுக்குப் போயிருக்கும், இதன் அச்சு அதற்கு வந்திருக்கும். நாங்கள் பார்க்கப் போன வண்டி கென்ட் பக்கத்துக் கொட்டகை ஒன்றில் இருந்தது. 1980களில் அமெரிக்காவிலிருந்து வந்ததாம். விளம்பரத்தில் 1904. கையில் இருந்த ஒரே சான்று இங்கே வந்தபின் எடுத்த பதிவுத்தாள். அதில் 1904 என்று இருந்தது, யாரோ அப்படி எழுதிக் கொடுத்ததால். கிளப் சான்றிதழ் எங்கே என்று கேட்டோம். "வாங்கியபிறகு நீங்களே விண்ணப்பிக்கலாமே" என்றார் விற்பவர். மச்சான் எஞ்சினுக்கு அடியில் குனிந்து வெகுநேரம் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். எண்ணும் உடம்பும் ஒரே வருடத்தவை என்று அவனால் சொல்ல முடியவில்லை. அது நிஜமாகவே 1904 வண்டியாகவும் இருந்திருக்கலாம். அந்த 'இருக்கலாம்' என்பதற்கு எங்கள் சேமிப்பைக் கொடுக்க மனம் வரவில்லை.

டி டியோன் வந்த விதம் வேறு. அது புதிதாகவே இங்கிலாந்தில் விற்கப்பட்ட வண்டி, பழைய நம்பர் பிளேட்டோடு இருந்தது. 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டப்படி 1904 ஜனவரி 1 முதல் எல்லாக் கார்களும் உள்ளூராட்சியிடம் பதிவு பெற்று எண் தாங்க வேண்டியிருந்தது. 'ஏ' லண்டன், 'பி' லங்காஷயர், 'சிடி' பிரைட்டன் என்று எழுத்தைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். அந்தப் பதிவேடுகளில் கணிசமானவை 1970களில் எல்லாம் கணினிக்கு மாறியபோது குப்பைக்குப் போய்விட்டன. தப்பியவை மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. எங்கள் எழுத்துக்குரிய பதிவேடு தப்பியிருந்தது.

பென்சிலும் வெறுங்கையுமாக உள்ளே அனுப்பினார்கள். தோல் அட்டை போட்ட தடித்த புத்தகம். பக்கத்தைப் புரட்டப் புரட்ட மருத்துவர்கள், வக்கீல்கள், ஓரிரு பெண்கள். எங்கள் எண்ணுக்கு நேரே 1904 மே மாதத் தேதி, ஒரு மருத்துவரின் பெயர், 6 குதிரைத்திறன் டி டியோன், இரண்டு இருக்கை, கரும்பச்சை, சொந்த உபயோகம். அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். 1904 மேயில் பதிவான கார் 1905இல் செய்யப்பட்டிருக்க முடியாது அல்லவா? இதைவிட நேரான சாட்சி எது?

அதற்காக அங்கேயே துள்ளிக் குதிக்கக்கூடாது. அந்தக்கால உள்ளூராட்சிகள் ரத்தான எண்ணை வேறு வண்டிக்குக் கொடுத்ததும் உண்டு. அதனால் பக்கவாட்டில் ஏதாவது அடித்தல் திருத்தல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1904 பதிவேட்டில் எஞ்சின் எண், சேசிஸ் எண் கிடையாது. அவை 1921இல் பதிவுப் புத்தகம் வந்தபின் எழுதப்பட்டவை. ஆக, பதிவேடு ஒரு கால், வண்டியிலுள்ள எண்கள் இன்னொரு கால். இரண்டும் ஊன்றினால்தான் வண்டி நிற்கும். டி டியோன் இங்கிலாந்தில் நிறையத் தப்பியிருப்பதால், எந்த எண் எந்தக் காலத்தது என்று கரைத்துக் குடித்தவர்கள் கிளப்பில் இருக்கிறார்கள். எங்கள் வண்டிக்குச் சான்றிதழ் முன்பே இருந்தது. நாங்கள் செய்தது மறுசரிபார்ப்பு மட்டும். ஆனால் அந்தப் பதிவேட்டைப் பார்த்த பிறகுதான் மச்சான் காசோலையில் கையெழுத்துப் போட்டான்.

இங்கிலாந்தில் புதிதாக விற்பனையான ஓல்ட்ஸ்மொபைல்களும் உண்டு. அப்படி ஒன்று, தப்பிய பதிவேட்டோடும் கிளப் சான்றோடும் கிடைத்திருந்தால் நான் இப்போது வேறு கட்டுரை எழுதிக்கொண்டிருப்பேன். மெக்கானிக் இல்லாத வீட்டுக்கு அதுதான் பொருத்தம் என்று இப்போதும் சொல்வேன்.

ஓட்ட நாளைப் பற்றிக் கொஞ்சம். முதல் வருடம் மழை. முன்கண்ணாடியும் இல்லை, கூரையும் இல்லை. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் காயில் நனைந்து கிராலிக்கு அருகில் நின்றுவிட்டோம். பிரைட்டனில் மாலை 4:30க்குள் சேர்ந்தால்தான் பதக்கம். நாங்கள் சேர்ந்தது இருட்டியபின், டிரெய்லர் மேல். கடற்கரையில் காத்திருந்த மாமி வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, "இவ்வளவு காசு குடுத்துக் கூரை இல்லாததையோ வாங்கினனீங்கள்?" என்று கேட்டார். இரண்டாம் வருடம் காயிலுக்கு ரப்பர் உறை போட்டோம். ஹாண்ட்கிராஸ் ஏற்றத்தில் நான் இறங்கிக் கூடவே நடந்தேன். ஓல்ட்ஸ்மொபைல் ஒன்று இரண்டு பேரையும் சுமந்துகொண்டு 'டப் டப்' என்று எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டியவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் வேறு சொன்னார். பரவாயில்லை. சமதரையில் பிடித்துவிட்டோம். 3:50க்குச் சேர்ந்தோம்.

மறுவிற்பனை பற்றிப் பலர் கேட்கிறார்கள். நாங்கள் இன்னும் விற்றதில்லை, அதனால் அனுபவித்துச் சொல்ல எதுவும் இல்லை. விற்கும் நாள் வந்தால் வாங்க வருபவர் முதலில் கேட்பது எஞ்சினை அல்ல, ஆவணக் கோப்பைத்தான் என்பது மட்டும் உறுதி. அந்தக் கோப்பில் இன்னும் ஓர் ஓட்டை இருக்கிறது. பதிவேட்டில் 1911இல் எண் ரத்து என்று இருக்கிறது. அடுத்த சான்று 1953இல் ஒரு பண்ணைக் கொட்டகைக்கு முன்னால் எடுத்த புகைப்படம். நடுவில் 42 வருடம் வண்டி எங்கே கிடந்தது? மருத்துவரின் உயிலைத் தேடி எடுத்தால் ஏதாவது தெரியலாம். அடுத்த மாதம் செவ்வாய்க்கிழமை ஒன்றுக்குக் காப்பகத்தில் இடம் பதிந்திருக்கிறேன்.