ரன்னிங்-இன் பெயரில் ரூ. 2,891 போனது

புது கார் எடுத்தவர்கள், முதல் ஃப்ரீ சர்வீஸுக்கு விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சாவியைக் கொடுத்த சேல்ஸ் தம்பியிடம், "முதல் ஆயிரம் கிலோமீட்டர் பார்த்து ஓட்டணுமாமே, ரன்னிங்-இன்னு சொல்றாங்களே?" என்று கேட்டேன். சிரித்தார். "அதெல்லாம் அந்தக் காலம் சார். இப்ப வர்ற என்ஜினுக்கு ஒண்ணும் பார்க்க வேண்டாம், தாராளமா அடிங்க." அடுத்த வாரமே மதுரையிலிருந்து சென்னைக்குக் கிளம்பிவிட்டேன். நாலுவழிச்சாலையில், வேகத்தை மாறாமல் தானே பிடித்துக்கொள்ளும் க்ரூஸ் கண்ட்ரோலை 100-ல் போட்டதுதான், காலுக்கு வேலையே இல்லை.

ஆயிரம் ஆனதும் அதே ஷோரூமின் சர்வீஸ் பிரிவு. அட்வைசர் போனட்டைத் திறந்து, தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார். "ரன்னிங்-இன் சரியாப் பண்ணலையே சார். ரிங் செட் ஆகலை. ட்ரீட்மென்ட் போடலைன்னா பின்னாடி ஆயில் குடிக்கும்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். லேபர் இலவசம்தான்; ட்ரீட்மென்ட், அதாவது என்ஜின் ஆயிலில் ஊற்றும் ஒரு அடிட்டிவ், 2,450, ஜிஎஸ்டியோடு 2,891.

அன்றிரவுதான் டேஷ்போர்டில் கிடந்த கையேட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தேன் (தப்பு என்னுடையதும்தான்). முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கக் கூடாது, நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓட்டக் கூடாது என்று போட்டிருக்கிறது. சேல்ஸ் சொன்னது பொய். சில பக்கம் தள்ளி, என்ஜின் ஆயிலில் அடிட்டிவ் எதுவும் சேர்க்க வேண்டாம் என்றும் இருக்கிறது. சர்வீஸ் செய்தது அதைவிட மோசம்.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடு போட்டிருப்பார்களாம். பிஸ்டன் ரிங் அதில் உரசி உரசித்தான் பதியும். அதற்கு வேகமும் லோடும் ஏறி இறங்க வேண்டும். ரொம்பப் பூப்போல ஓட்டினாலும் சரியாகப் பதியாது. இப்போது ஃபேக்டரியிலேயே வேலை துல்லியமாக இருப்பதால் ஒரு சென்னைப் பயணத்தில் என்ஜின் ஒன்றும் செத்துவிடாது என்றார். "காதுல கேட்டா ரிங் செட்டிங் தெரியும்? கம்ப்ரெஷன் பார்க்கணும், இல்லை ஆயில் குறையுதான்னு பார்க்கணும்." டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். மேல் கோட்டை ஒட்டி நின்றது ஆயில். அதற்குப் பிறகு 2,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, அதே இடம்தான்.

மறுபடி போய்க் கேட்டதற்கு மேனேஜர், செய்யவேண்டிய வேலையை எழுதும் ஜாப் கார்டை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினார். என்ன ஊற்றினீர்கள், காலி பாட்டிலையாவது காட்டுங்கள் என்றேன். கிடைக்கவில்லை, பணமும் வரவில்லை.

அடுத்த சர்வீஸ் 5,000-ல். இந்தத் தடவை ஜாப் கார்டில் கையெழுத்துக்கு மேலே, "கையேட்டில் உள்ள வேலை மட்டும்" என்று நானே எழுதிக் கொடுத்து, அதை போட்டோவும் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.