ஐபி முகவரியா, என்டிஎன் பெயரா: எது நம்மை அதிகம் காட்டிக்கொடுக்கும்?

இன்றைய இணையம் இயங்கும் ஐபி முறையில் தரவு பாக்கெட் எனும் சிறு துண்டுகளாகப் போகிறது. அந்தப் பாக்கெட்டில் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் திறந்தே கிடக்கும். டிஎல்எஸ் எனும் மறையாக்கம் இருந்தால் படித்த பக்கம் எதுவென்று தெரியாது. தளத்தின் பெயர் மட்டும் பெரும்பாலும் கசியும்.

2010-இல் அமெரிக்காவில் தொடங்கிய என்டிஎன் (Named Data Networking, முகவரிக்குப் பதில் பெயரைக் கொண்டு தரவைக் கேட்கும் இணைய வடிவமைப்பு) ஆய்வுத் திட்டம் இதைத் தலைகீழாக்குகிறது. பாக்கெட்டில் கேட்பவரின் முகவரி இல்லை. கேட்ட பொருளின் பெயர் இருக்கிறது, வழியிலுள்ள ரௌட்டர்கள் அதைப் படிக்கின்றன.

உண்மையான ஆபத்து, கடந்துபோன தரவின் நகலை ரௌட்டர் வைத்துக்கொள்ளும் தற்காலிகச் சேமிப்பில்தான். அதே ரௌட்டரில் இணைந்த இன்னொருவர் அதே பெயரைக் கேட்டு, பதில் வரும் நேரத்தை அளக்கலாம். வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தால், அருகில் யாரோ அதை ஏற்கெனவே வாங்கியிருக்கிறார். உள்ளடக்கத்தை மறையாக்கம் செய்தாலும் இது நிற்காது. இருவருக்கிடையிலான உரையாடலென்றால் பெயரோடு ஊகிக்க முடியாத எழுத்துவரிசையைச் சேர்க்கலாம். பொதுப் பக்கங்களுக்கு அது பொருந்தாது. பதிலைச் செயற்கையாகத் தாமதிக்க வேண்டும், வேகம் போய்விடும்.

நோய், அரசியல் பற்றித் தேடுபவருக்கு இன்றைய நிலையில் டிஎல்எஸ் உள்ள ஐபியே பாதுகாப்பு.