சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஓவர்டிராஃப்ட் வீட்டுக்கடன் சரிப்படுமா?

வீட்டுக்கடனைச் சீக்கிரம் அடைக்க வேண்டும் என்று நினைக்காத குடும்பம் இல்லை. ஆனால் எல்.கே.ஜி. படிக்கும் ஒன்றையும் தவழும் ஒன்றையும் வைத்துக்கொண்டு, கையில் வரும் போனஸையும் சீட்டுப் பணத்தையும் அப்படியே கொண்டுபோய் அசலில் கட்டிவிட்டு வெறுங்கையோடு உட்காரவும் தைரியம் வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஓவர்டிராஃப்ட் வீட்டுக்கடன், சுருக்கமாக ஓ.டி. லோன். ஸ்டேட் பேங்கில் மேக்ஸ்கெயின், ஸ்டாண்டர்டு சார்ட்டர்டில் ஹோம் சேவர், பேங்க் ஆஃப் பரோடாவில் ஹோம் லோன் அட்வான்டேஜ் என்று பெயர் மாறும், சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். நாங்கள் கோயம்புத்தூரில் ஃபிளாட் வாங்கியபோது எடுத்ததும் இந்த வகைதான். எந்த வங்கி என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் கீழே கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். சாதாரணக் கடனில் உபரியாக 5 லட்சம் கட்டினால் அது போனது போனதுதான், திரும்ப வேண்டுமென்றால் டாப்-அப் என்று புதிதாக மனுப் போட்டு நிற்க வேண்டும். ஓ.டி. கடனிலோ கடனே ஒரு நடப்புக் கணக்கு மாதிரி, செக் புக், நெட் பேங்கிங் எல்லாம் உண்டு. அந்த 5 லட்சத்தை அதில் போட்டு வைத்தால் மீதிக் கடனுக்கு மட்டும் நாள் கணக்கில் வட்டி போடுவார்கள், வேண்டும்போது நாமே எடுத்துக்கொள்ளலாம். போட்ட பணத்துக்கு வட்டி தர மாட்டார்கள், நாம் கட்ட வேண்டிய வட்டி குறையும், அவ்வளவுதான். வருமானமாக எதுவும் வராததால் இதற்கு வருமான வரியும் கிடையாது.

கணக்குப் போட வசதியாக 30 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். இ.எம்.ஐ. 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டிக்கே 21,250 போய்விடும், அசலில் கழிவது 4,785தான். கடைசிவரை ஒழுங்காகக் கட்டினால் வட்டி மட்டும் ஏறக்குறைய 32½ லட்சம், அதாவது வாங்கிய கடனைவிட அதிகம். இதைப் பார்த்துத்தான் எல்லாரும் பதறுவது. ஆனால் பெரிய தொகை எதுவும் இல்லாமல், வருடத்துக்கு ஒரே ஒரு இ.எம்.ஐ. அளவைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் சேர்த்துக் கட்டினாலே கடன் சுமார் 16½ வருடத்தில் முடிந்துவிடும்.

இனி ஓ.டி. கணக்குக்கு வருவோம். 5 லட்சம் அதில் கிடந்தால் வருடத்துக்கு 42,500 ரூபாய் வட்டி மிச்சம். அதே 5 லட்சத்தை 7 சதவீதத்துக்கு ஃபிக்ஸட் டெபாசிட் போட்டால் 35,000 வரும், 20 சதவீத வரி வரம்பில் இருப்பவர் செஸ்ஸோடு வரி கட்டிய பிறகு கையில் நிற்பது 27,720. வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது.

ஆனால் இது இலவசம் இல்லை. பெரும்பாலும் ஓ.டி. வகைக்குச் சாதாரணக் கடனைவிட வட்டி கொஞ்சம் கூடுதல். கால் சதவீதம் என்றால் 30 லட்சத்துக்கு வருடம் 7,500 ரூபாய் தண்டம். சேமிப்புக் கணக்கில் 2.5 சதவீதத்துக்குத் தூங்கும் பணத்தை இங்கே மாற்றினால், ஏறக்குறைய 1,20,000 ரூபாய் வருடம் முழுக்க அசையாமல் கிடந்தால்தான் அந்தத் தண்டம் ஈடாகும். அதற்குமேல் இருப்பதுதான் லாபம். சம்பளம் வந்த வாரமே காலியாகிற வீட்டுக்கு இந்தக் கடன் நஷ்டம், பேசாமல் சாதாரணக் கடனை எடுத்து முடிந்தபோது பார்ட் பேமெண்ட் (அசலில் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டுவது) செய்யுங்கள்.

யூடியூபில் சம்பளத்தை ஓ.டி. கணக்கிலேயே வாங்கினால் அற்புதம் நடக்கும் என்கிறார்கள். போட்டுப் பார்த்தேன். 60,000 சம்பளம் பதினைந்து நாள் அதில் கிடந்தால் மிச்சமாகும் வட்டி 210 ரூபாய். நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொன்னது, ஆனால் அதை வைத்து கடன் அடையாது. அடைப்பது போனஸ், சீட்டு எடுத்த பணம், ஊரில் காடு குத்தகைக்கு விட்ட காசு மாதிரி மொத்தமாக வந்து வருடக்கணக்கில் கிடக்கும் தொகைதான்.

எங்களுக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் வட்டிக் கணக்குகூட இல்லை. சின்னவளுக்குக் காய்ச்சல் முற்றி ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பில்லிங் கவுண்டரில், "இன்ஷூரன்ஸ் அப்ரூவல் காலையில்தான் வரும் மேடம், இப்போதைக்கு ஐம்பதாயிரம் டெபாசிட் கட்டிடுங்க" என்றார்கள். ஓ.டி. கணக்கிலிருந்து போனிலேயே அனுப்பிவிட்டு மேலே வார்டுக்குப் போய்விட்டோம், யாரிடமும் கேட்கவில்லை, நகையைக் கொண்டு ஓடவும் இல்லை. காப்பீட்டுப் பணம் சரியாகி டெபாசிட் திரும்ப வந்ததும் மறுபடி அதிலேயே போட்டோம். இடைப்பட்ட நாட்களுக்கு வட்டி இருநூறு ரூபாய்கூட வரவில்லை. இதே பணத்தை முன்கூட்டியே அசலில் கட்டியிருந்தால் பர்சனல் லோனுக்குத்தான் போயிருப்போம்.

குறை என்றால் இந்த வசதியேதான் குறை. ஆப்பைத் திறந்தால் எடுக்கக்கூடிய தொகை என்று லட்சக்கணக்கில் காட்டும், அது நம் பணம் மாதிரியே தோன்றும். வீட்டுக்காரர் போனில் அதைப் பார்த்துவிட்டு அத்தை ஒருநாள், "இவ்வளவு காசு சும்மாதான கெடக்குது, கார் எடுத்துட்டா பசங்களக் கூட்டிட்டுப் போக வர வசதியா இருக்குமில்ல" என்றார். சும்மா கிடக்கவில்லை அத்தை, மாசம் மூவாயிரத்துச் சொச்சம் சம்பாதிக்குது என்று விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. கட்டுப்பாடு இல்லாதவர் கையில் இது கடனைக் குறைக்காது, இருபது வருடமும் கடன் அப்படியே நிற்கும். பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி இந்த இரண்டுக்கு மட்டும் எடுப்பது என்று நாங்கள் பேசி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று, கிளையில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது எப்படி ஓடுகிறது என்றே தெரியவில்லை. மாதாமாதம் அட்டவணைப்படி டிராயிங் பவர் (அந்த மாதம் கடன் எவ்வளவு வரை நிற்கலாம் என்ற உச்ச வரம்பு) குறையும், அதிலிருந்து நிலுவையைக் கழித்தால் வருவதுதான் எடுக்கக்கூடிய தொகை என்ற அடிப்படையைக்கூட நான்தான் ஸ்டேட்மெண்ட்டில் கோடு போட்டுக் காட்டினேன். வருடக் கடைசியில் வட்டிச் சான்றிதழ் வாங்குவதும் இழுபறி. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு அது முக்கியம், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு 2 லட்சம் வரை வட்டிக் கழிவு உண்டு. புதிய முறையில் அது கிடையாது, அதனால் வரிச் சலுகைக்காகக் கடனை வைத்திருங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால் நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

கடன் கொடுக்கும்போதே ஒற்றைப் பிரீமியக் காப்பீடு ஒன்றைக் கடனோடு சேர்த்துத் தள்ளப் பார்த்தார்கள், அதற்கும் இருபது வருட வட்டி! கட்டாயம் என்றால் எழுதிக் கொடுங்கள் என்றோம், பேச்சு அத்தோடு நின்றது. தனியாக டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொண்டோம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது இல்லாமல் கடன் வாங்கவே கூடாது.

2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி விகிதம்) 4இலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியபோது பலருக்கும் இ.எம்.ஐ. மாறாமல் வருடங்கள் மட்டும் நீண்டன. வட்டி மாறும்போது இ.எம்.ஐ.யைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது, அதைப் பயன்படுத்துங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்பது 2012இலிருந்தே உண்டு. சாதாரணக் கடன் வைத்திருப்பவர்கள் பார்ட் பேமெண்ட் செய்யும்போது, தவணையைக் குறைக்காதீர்கள், மாதங்களைக் குறையுங்கள் என்று எழுதியே கொடுங்கள்.

2025 பிப்ரவரியில் ஆரம்பித்து ரெப்போ இறங்கியதும் எங்கள் வட்டி 8.2க்குக் கீழே போனது, அப்போது நான் கொஞ்சம் மாறினேன். மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம், வரி இல்லை, வருடத்துக்கு 1½ லட்சம் வரை போடலாம். ஆனால் அவளுக்கு 18 ஆகும்வரை அல்லது பத்தாவது முடிக்கும்வரை அதைத் தொட முடியாது. ஆகவே அவசரத்துக்கு வேண்டியது ஓ.டி.யில், அவள் படிப்புக்கு வேண்டியது அங்கே. எல்லாவற்றையும் கடனிலேயே கொட்ட வேண்டும் என்பது வீட்டுக்காரர் கட்சி. இன்னும் விவாதம் நடக்கிறது.

மார்க் போடச் சொன்னால் திட்டத்துக்கு 10க்கு 8, கிளைச் சேவைக்கு 4.

எடுக்கப் போகிறவர்கள் முடிவையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். போட்டு வைத்த பணம் கடனைத் தொட்டதும் வட்டி பூஜ்யமாகும், ஆனால் கடன் தானாக முடியாது, கணக்கு திறந்தே இருக்கும். முடித்துக் கொடுங்கள் என்று நாமே கடிதம் கொடுக்க வேண்டும். கடனை முழுதாக அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதம் வங்கியுடையது என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு, 2023 டிசம்பர் 1 முதல் இதுதான் விதி. பத்திரம் கைக்கு வந்ததோடு விடாமல், எம்.ஓ.டி. (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான ஆவணம்) பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்திலேயே வங்கியை வைத்து, கடன் தீர்ந்தது என்ற ரசீது ஆவணம் பதிவு செய்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்து வில்லங்கச் சான்று போட்டு அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் வீட்டை விற்கும்போதோ அடுத்த கடனுக்குப் போகும்போதோ, அடைத்து முடித்த அடமானம் வில்லங்கத்தில் அப்படியே நிற்கும்.