நட்சத்திரத்தின் வெறுமை: 'சம்வேர்', 'நாயக்', 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்'

பணமும் புகழும் சேர்ந்த நடிகர் ஒருவர். எதிலும் பிடிப்பில்லை. ஓட்டல் அறையில் சிகரெட் பிடிக்கிறார், தூங்குகிறார், ஜன்னல் வழியே பார்க்கிறார். கேமரா அசையாமல் நிற்கிறது. இப்படிப்பட்ட படங்களைப் பார்த்து முடிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மெதுவாக நகரும் படங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். அதனாலேயே கோபம் கூடுதல். என் நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் படம், ஒரு மனிதனையாவது எனக்கு நெருக்கமாக்க வேண்டும்.

ஏறக்குறைய ஒரே கருவை எடுத்துக்கொண்ட மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த வகை எங்கே சறுக்குகிறது என்பது புரியும்.

முதலில் அமெரிக்க இயக்குநர் சோஃபியா கொப்போலாவின் 'சம்வேர்'. 2010இல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கம் வாங்கிய படம். ஹாலிவுட் நடிகர் ஜானி மார்க்கோவாக ஸ்டீபன் டோர்ஃப். லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள சாட்டோ மார்மான்ட் ஓட்டலில் தங்கியிருக்கிறார். முதல் காட்சியில் பாலைவெளி ஒன்றில் கறுப்பு ஃபெராரி வட்டமடிக்கிறது. சட்டகத்தை விட்டுப் போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. இந்த மனிதன் எங்கும் போய்ச் சேரவில்லை என்பது இரண்டாவது சுற்றிலேயே புரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் கார் சுற்றுகிறது. அப்புறம் அறைக்கே வந்து ஆடும் இரட்டைச் சகோதரிகள், பார்ட்டி, தூக்கம். பத்திரிகையாளர் சந்திப்பில் ஒருவர், ஜானி மார்க்கோ என்பவர் யார் என்று கேட்கிறார். படத்திலேயே முக்கியமான கேள்வி அதுதான். அவரிடம் பதில் இல்லை. படமும் அதைத் தொடராமல் நகர்ந்துவிடுகிறது.

இதே படத்தில் மெதுவான நடை அற்புதமாக வேலை செய்யும் இடமும் உண்டு. ஒப்பனைக்காக ஜானியின் தலை முழுவதும் பிளாஸ்டர் பூசி, மூக்குத் துளைகளை மட்டும் திறந்துவிட்டு உட்காரவைக்கிறார்கள். கேமரா மெல்ல நெருங்குகிறது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. முகமே பிழைப்பாக இருப்பவனுக்கு முகம் இல்லாமல் போகும் அந்த நேரத்தில் பயமாக இருக்கிறது. மகள் கிளியோ பனித்தளத்தில் சறுக்கி நடனமாடும் காட்சியும் அப்படித்தான். கிளியோவாக நடிக்கும் எல் ஃபேனிங் வரும்போதெல்லாம் படத்துக்கு உயிர் வருகிறது. ஆனால் அம்மா எப்போது திரும்புவாள் என்று தெரியாமல் காரில் அழும் அந்தக் குழந்தைக்கு அப்பா என்ன கடன்பட்டிருக்கிறார் என்பதைப் படம் தொட்டுவிட்டு விலகிவிடுகிறது. அவர் சொல்லும் மன்னிப்பு ஹெலிகாப்டர் சத்தத்தில் அமுங்கிப்போகிறது. கடைசியில் ஃபெராரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு இறங்கி நடக்கிறார். அந்த நடைக்கு அவர் என்ன விலை கொடுத்தார்? எனக்குத் தெரியவில்லை.

இதற்கு 44 வருடங்களுக்கு முன்பே, 1966இல், சத்யஜித் ரே 'நாயக்' எடுத்துவிட்டார். வங்காள சினிமாவின் மிகப் பெரிய நட்சத்திரம் உத்தம் குமாரை மனதில் வைத்தே எழுதிய கதை. நடிகர் அரிந்தம் விருது வாங்க கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போகிறார். அவ்வளவுதான் கதை. வீட்டில் நடக்கும் ஆரம்பக் காட்சியையும் நினைவுகளையும் கனவுகளையும் தவிர ஏறக்குறைய மற்றதெல்லாம் ரயிலில்தான். அந்தப் பெட்டிகூட ஸ்டுடியோவுக்குள் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா போட்ட செட். நிகழ்ச்சிகளை எண்ணினால் 'சம்வேர்' அளவுக்குத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு நிமிடம்கூட எனக்குக் கனக்கவில்லை.

காரணம் அதிதி. ஷர்மிளா தாகூர் நடித்த அந்தக் கண்ணாடி அணிந்த பெண், பெண்கள் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். நட்சத்திரத்தைக் கண்டு மயங்காதவள். சாப்பாட்டுப் பெட்டியில் எதிரே உட்கார்ந்து, இவ்வளவு இருந்தும் ஏதோ குறைகிறதே என்று நேராகக் கேட்கிறாள். அரிந்தம் பதில் சொல்லத் தொடங்கும்போது வெறுமைக்கு ஆட்களின் பெயர் வருகிறது. சினிமாவுக்குப் போகாதே என்று தடுத்த நாடக குரு சங்கர்தா. முதல் நாள் படப்பிடிப்பில் தன்னை அவமானப்படுத்திய மூத்த நடிகர் முகுந்த லாஹிரி, பின்னாளில் நொடித்துப்போய் ஒரு சின்ன வேடம் கேட்டு வீட்டுக்கு வந்தபோது அரிந்தம் கைவிரித்தது. தொழிலாளர்கள் முன் ஒரு வார்த்தை பேசச் சொன்ன நண்பன் பீரேஷை ஏமாற்றியது. கனவில் ரூபாய் நோட்டுக் குவியலுக்குள் அவர் புதையும்போது சங்கர்தாவின் கை நீள்கிறது, ஆனால் தூக்கிவிடவில்லை. அந்தக் கை யாருடையது, ஏன் தூக்கவில்லை என்று நமக்குத் தெரிவதால்தான் நெஞ்சு அடைக்கிறது.

பயணம் முடியும் முன் அதிதி, தான் எடுத்த குறிப்புகளைக் கிழித்துப் போடுகிறாள். மனதில் வைத்துக்கொள்வேன் என்கிறாள். பேட்டி கேட்டு வந்த ஒருத்தி, ஒரு மனிதனின் மானத்தைக் காப்பாற்றிவிட்டு இறங்கிப் போகிறாள். அரிந்தம் மாலையும் கூட்டமுமாகத் திரும்பவும் நட்சத்திரம் ஆகிறார். பெரிய விடுதலை எதுவும் கிடைக்கவில்லை. ஃபெராரியை விட்டிறங்கும் முடிவை விட இது பல மடங்கு நேர்மையானது.

சரி, குறை கொப்போலாவின் நடையில்தானா? இல்லை. அவரே 2003இல் எடுத்த 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' அதே வேகத்தில் போகிறது. அதுவும் ஓட்டல்தான், டோக்கியோவின் பார்க் ஹயட். விஸ்கி விளம்பரத்தில் நடிக்க 20 லட்சம் டாலருக்கு வந்திருக்கும் பாப் ஹாரிஸாக பில் மர்ரே. வீட்டுக்கு எந்த நிறத்தில் கார்ப்பெட் போடுவது என்று மனைவி கடல் தாண்டி மாதிரிகள் அனுப்புகிறாள். அந்த ஒரு விஷயத்திலேயே அவர்களது இல்லற வாழ்க்கை முழுவதும் தெரிந்துவிடுகிறது. அப்புறம் ஸ்கார்லெட் ஜோஹான்சனின் ஷார்லட் வருகிறாள். இருவரும் தூக்கம் வராமல் பேசிக்கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள். கேட்க ஆள் இருப்பதால் மௌனத்துக்கும் பொருள் வருகிறது. ஜப்பானியர்களைப் பெரும்பாலும் சிரிப்புக்கு மட்டும் பயன்படுத்தியது எனக்கு உறுத்துகிறது. அது சின்னக் குறை அல்ல. இருந்தாலும் 'சம்வேர்' தராத மனிதர்களை இது தருகிறது.

மெதுவான நடை ஒத்துவராதவர்களுக்கு 2014இல் வந்த 'பேர்ட்மேன்' இருக்கிறது. இதிலும் மங்கிப்போன நடிகர்தான், ஆனால் டிரம்ஸ் அதிரும் ஓட்டம். ரசித்தேன், இருந்தாலும் அதில் யாரும் யாரையும் உட்கார்ந்து கேட்பதில்லை.

ஒரே படத்துக்குத்தான் நேரம் என்றால் 'நாயக்' பாருங்கள். கறுப்பு வெள்ளை, ஏறக்குறைய இரண்டு மணி நேரம், இடையில் போனை எடுக்கத் தோன்றாது. அடுத்தது 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்'. 'சம்வேர்' பார்த்தே ஆகவேண்டும் என்றால், ஃபெராரி சுற்றும்போதே அணைத்துவிடாமல் பிளாஸ்டர் காட்சி வரைக்குமாவது பொறுத்துக்கொள்ளுங்கள்.