நட்சத்திர அட்டையா, குழுப் புள்ளியா, பழக்கிய ஒழுங்கா?

தரம் 3, 40 பிள்ளைகள், ஒரே ஆசிரியர். வகுப்பை ஒழுங்காக வைத்திருக்க உதவும் இந்த மூன்று வழிகளையும் கொழும்பில் நெரிசலான ஒரு தமிழ்மொழிப் பாடசாலையை மனதில் வைத்துத்தான் ஒப்பிடுகிறேன். நான் தேர்ந்தது மூன்றாவதை. சாய்வு அங்கேதான் இருக்கும். பிரம்பு இந்த வரிசையிலேயே இல்லை. கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடைசெய்கிறது. அந்தத் தடை இல்லாவிட்டாலும், அடித்து வாங்கிய அமைதி அடித்தவர் வாசலைத் தாண்டும்வரைதான் நிற்கும்.

நட்சத்திர அட்டை என்பது, ஒழுங்காக நடக்கும் பிள்ளையின் பெயருக்கு நேரே நட்சத்திரம் ஒட்டும் அட்டை. முதல் கிழமையில் அது நன்றாகவே வேலை செய்யும். கேள்வி, அதை யார் தொடர்ந்து கவனிப்பது என்பதுதான். ஒரு நட்சத்திரம் ஒட்ட 10 வினாடி என்றால் 40 பேருக்கு ஏறத்தாழ 7 நிமிடம். நாளுக்கு ஒரு தடவை ஒட்டினாலே கிழமைக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் போகும். அதனால் மூன்றாம் கிழமையளவில் கண்ணில் பட்டவர்களுக்கு மட்டும் ஒட்டத் தொடங்குவோம். கண்ணில் படுவது முன்வரிசையும், நேற்றுக் குழப்படி செய்து இன்று அடங்கியிருப்பவர்களும். எப்போதும் ஒழுங்காக இருக்கிற நடுவரிசைப் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. ஒருவரிடம் 25, இன்னொருவரிடம் 3 என்று இடைவெளி விழுந்தபின், அந்த 3 நட்சத்திரப் பிள்ளை ஏன் முயல வேண்டும்? யாராவது அட்டையைப் படமெடுத்துப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் போட்டால் அன்றிரவே விசாரணை.

1973 இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பாலர்கள், பரிசில்லாத வேளையில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். விரும்பிச் செய்வதற்கு நட்சத்திரம் ஒட்டாதீர்கள் என்பதற்கு அது போதும். கொப்பி அடுக்குவது போன்ற சலிப்பான வேலைக்கும் அதே முடிவை நீட்ட நான் துணியமாட்டேன்.

குழுப் புள்ளி நட்சத்திர அட்டையைவிட இலகு. 1969 இல் அமெரிக்காவில் நான்காம் வகுப்பொன்றில் பரிசோதிக்கப்பட்ட முறை அது: வகுப்பை இரண்டு அணியாக்கி, விதி மீறினால் அணிக்கு ஒரு கோடு. வரம்புக்குள் நின்றால் இரண்டு அணியும் வெல்லலாம். ஒரே ஒரு பிள்ளை வேண்டுமென்றே கோடு வாங்கிக் கொடுத்தால் இடைவேளையில் முழு அணியும் அவர்மேல் பாயும். அவரைச் சில நாள் தனி அணியாக்கிவிடுங்கள். கடைசிப் பாடவேளையில் 10, 15 நிமிடத்துக்குப் பயன்படுத்தலாம். நாள் முழுக்க ஓட்டினால் கோடு போடுவதே உங்கள் தொழிலாகிவிடும்.

பழக்கிய ஒழுங்கு என்பது, அன்றாட வேலைகளைப் படிப்படியாகச் செய்து பழக்கி வழக்கமாக்குவது. அது உழைப்பையெல்லாம் முன்னாலேயே கேட்கும், பிறகு கேட்காது. முதல் இரண்டு கிழமைக்கு மூன்று மட்டும் போதும்: காலையில் உள்ளே வருவது, அமைதிக்கான சைகை, கொப்பி சேர்ப்பது. உள்ளே வருவது நான்கு படி: பை கதிரையின் பின்னால், தண்ணீர்ப் போத்தல் மேசைக்குக் கீழே, வீட்டுவேலைக் கொப்பி பக்கம் திறந்தபடி மேசையில், கரும்பலகையில் உள்ள வேலை தொடங்கும். சொல்லிவிட்டு விடாதீர்கள். நீங்கள் செய்து காட்டுங்கள், பிறகு இரண்டு பிள்ளைகள், பிறகு ஒரு வரிசை, பிறகு முழு வகுப்பும் வெளியே போய்த் திரும்பி வரட்டும். தவறினால் ஏச்சு வேண்டாம், திரும்பவும் செய்யட்டும்.

சைகைக்குக் கைதட்டலைவிட உயர்த்திய கை நல்லது. பழைய மண்டபங்களில் வகுப்புகளுக்கிடையே தட்டிதான் இருக்கும். உங்கள் கைதட்டல் பக்கத்து வகுப்பையும் திருப்பும். சைகை கெட்டுப்போவது ஒரே காரணத்தால்: 35 பேர் அடங்கியதும் ஆசிரியர் பேசத் தொடங்குவது. மிச்சம் ஐந்து பேரும் சைகைக்கு அர்த்தமில்லை என்று அந்த இடத்திலேயே படித்துக்கொள்வார்கள். கையை இறக்காமல் நில்லுங்கள். கொப்பியை வரிசையோரமாகப் பக்கவாட்டில் கடத்துங்கள். பின்னாலிருந்து முன்னால் கடத்தினால் எல்லோரும் திரும்புவார்கள், கதை தொடங்கும்.

பாராட்டு இதோடு சேர்ந்தது. "நல்ல பிள்ளை" என்றால் பிள்ளைக்கு எதுவும் விளங்காது. "கொப்பியத் திறந்தே வச்சிருக்கிறீங்க மகள், எனக்குத் திருத்த லேசு" என்றால் அடுத்த மேசையும் திறக்கும்.

தீர்க்கமான வித்தியாசம் நீங்கள் லீவு எடுக்கும் நாளில் தெரியும். பதில் ஆசிரியருக்கு உங்கள் நட்சத்திரக் கணக்குத் தெரியாது. தாராளமாக ஒட்டுவார், அல்லது ஒன்றும் ஒட்டமாட்டார். பழக்கிய ஒழுங்கு பிள்ளைகளின் கையில் இருப்பதால் ஆள் மாறினாலும் காலை நான்கு படியும் நடக்கும்.

இதற்கும் தேய்மானம் உண்டு. ஒவ்வொரு தவணை விடுமுறைக்குப் பிறகும் இரண்டு, மூன்று நாள் மீண்டும் பழக்க வேண்டும். மழைநாளுக்குத் தனி ஒழுங்கு தேவை: குடைக்கு வாசலில் ஒரு வாளி, மழைக்கோட்டுக்குத் தாழ்வாரத்தில் கயிறு. இல்லாவிட்டால் நான்கு படியும் முதல் மழையிலேயே குலையும்.

20 பிள்ளைகளும் உதவி ஆசிரியரும் உள்ள சர்வதேசப் பாடசாலையில் என் கணக்கு மாறலாம். அங்கே எனக்கு அனுபவம் குறைவு. 40 பேர் வகுப்பிலும் நட்சத்திரத்தை முழுதாக வீசவில்லை. பென்சிலைக் கடிப்பது போன்ற ஒரே பழக்கத்துக்கு, ஒரே பிள்ளைக்கு, அவருடைய மேசையில் மட்டும் ஒரு சிறு அட்டை, இரண்டு மூன்று கிழமைக்கு. பழக்கம் குறையத் தொடங்கியதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒட்டி, பிறகு நிறுத்திவிடுங்கள்.